இரண்டாவது பிராசஸரைக் கழற்றிய நாள்

பேருந்துப் பணிமனையில் மின்வேலை பார்த்த அவனை எல்லோரும் 'ரெட்டை' என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் இரண்டு பிராசஸர் பூட்டிய கம்ப்யூட்டர் ஒன்றை அவனே கட்டி வைத்திருந்தான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பழைய போர்டுகளை வாங்கி, கெடுத்து, மறுபடி வாங்கிக் கற்றுக்கொண்ட வேலை. பணிமனையில் பழகிய ஒரே சட்டம்தான் இதற்கும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, அதைச் சோதிக்காமல் அடுத்ததில் கை வைக்காதே.

அவன் அக்கா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தொண்டையில் கட்டி, வெள்ளிக்கிழமை ஆபரேஷன். குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"அதுக்குள்ள என் குரலைப் பிடிச்சு வெச்சிடுடா," என்று வந்து உட்கார்ந்தாள்.

மைக் முன்னால் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தாள். முதலில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து, அவள் சொன்ன கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு 'வாவாவாவா' என்று அலறியது. மவுஸ் நகரவில்லை.

"பள்ளிக்கூடத்துல முப்பது வாண்டுங்ககூட என்னை இப்படிக் கத்த வெச்சதில்லடா. உன் பொட்டி என்னை வாத்து மாதிரி கத்த வெச்சிடுச்சே!"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வயரை மாற்றினான், உறைந்தது. மைக்கை மாற்றினான், உறைந்தது. சவுண்ட் கார்டை வேறு இடத்தில் செருகினான். நண்பனிடம் வேறு கார்டு இரவல் வாங்கிப் பூட்டினான். ஒவ்வொரு முறையும் அக்கா அலுக்காமல் முதலிலிருந்து தொடங்கினாள். அவள் தொண்டை கம்முவது அவனுக்குக் கேட்டது.

காரணம் அவனுக்கு அரைகுறையாகத் தெரிந்தே இருந்தது. சவுண்ட் கார்டுகளை இயக்கும் 'டிரைவர்' புரோகிராம், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு பிராசஸர்தான் என்ற நினைப்பில் எழுதப்பட்டது. இரண்டு பேர் ஒரே பேனாவைப் பிடித்து எழுதினால் என்ன ஆகுமோ, அதுதான் உள்ளே நடந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்த்தவன் இரண்டாவது பிராசஸரை மட்டும் தொடவில்லை. அவனுடைய பெருமையே அதுதானே.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னொரு தடவை பாக்கலாமா?" என்றாள். பாதிச் சொல் காற்றாகப் போனது.

அவன் மூடியைத் திறந்தான். இரண்டாவது பிராசஸரைப் பிடுங்கி எடுத்தான். காலி இடத்தைச் சும்மா விட்டால் இயந்திரம் எழும்பாது. அந்த இடத்தை அடைக்கவென்றே இருக்கும் சிறு சர்க்யூட் அட்டையைச் செருகினான்.

"இனிமே உன்னை ஒத்தைன்னு கூப்பிடணுமா?"

"எப்படி வேணா கூப்பிடு. மைக் பக்கம் திரும்பிக் கூப்பிடுக்கா."

இம்முறை உறையவில்லை. வாய்ப்பாடு முடிந்தது. வகுப்பை அடக்கும் அதட்டல், மகளை எழுப்பும் கூப்பாடு, தம்பியைத் திட்டுவது என்று அக்கா ஒன்றையும் விடவில்லை. கரகரப்பு இருக்கிறதா என்று காதில் ஹெட்போனோடு அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஒரு பொட்டுக்கூட இல்லை.

"போதும். உன் ரெண்டாவதை மாட்டிக்கோ," என்று எழுந்தாள். அவன் சரியென்று தலையாட்டினான், மாட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப அக்காவின் கணவரான மாமா ஆட்டோ பிடிக்கப் போயிருந்தபோது, அக்கா கையில் பையோடு அவன் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஒண்ணு விட்டுப்போச்சுடா. உங்க மாமாவுக்கு."

"மெஷின் ரெடியாத்தான் இருக்கு."

எதை அமுக்க வேண்டும் என்று காட்டினான். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான்.

ஆட்டோ கிளம்பிய பிறகு திரையைப் பார்த்தான். ஒலிக்கோடு அறுபடாமல் கடைசி வரை ஓடியிருந்தது. அதைச் சேமித்து, மாமாவுக்கென்று தனியாக வைத்தான். கேட்டுப் பார்க்கவில்லை.