நெஞ்சு என்று எழுதிய கை

நாற்பது நாள் நாங்கள் தவறான இடத்துக்காக ஜெபித்தோம். அந்த இடத்தை எழுதிக் கொடுத்தவள் நான்.

சகோதரிகளே, சாட்சி சொல்ல எழும்புகிறவர்கள் தங்கள் பாடுகளிலிருந்து தொடங்குவார்கள். நான் என் குற்றத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அது இல்லாமல் ஆண்டவர் எனக்குச் செய்தது உங்களுக்குப் புரியாது.

என் பெயர் சலோமி. தோணிரேவு கிராமத்துக்காரி. பழவேற்காட்டு ஏரியில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வோம். விடிந்ததிலிருந்து உச்சி வெயில் வரை வாயில் பறி. எங்கள் வேலையே வாயை மூடிக்கொண்டு செய்கிற வேலை. கரையேறிப் பறியை இறக்கி வைத்த பிறகும் சில சொற்களுக்கு எங்கள் வாய் திறப்பதில்லை.

ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று யாராவது கேட்டால் மாரளவு என்போம். கூச்சமே இல்லாமல் சொல்வோம். தண்ணீருக்குச் சொல்கிற அந்தச் சொல்லை எங்கள் உடம்புக்குச் சொல்லத்தான் கூச்சம்.

செல்வி என் வீட்டுக்காரரின் தங்கை. இருபது வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து சேறு தடவினவள். ஒருநாள் மதியம் கரையேறி, தட்டி மறைவில் ஈரப்புடவை மாற்றும்போது, அண்ணி இங்க பாரேன் என்று காட்டினாள். வலது மார்பில் ஓரிடத்தில் தோல் உள்ளே இழுத்திருந்தது. நண்டு உள்ளே போன இடத்தில் சேறு குழியுமே, அப்படி. தொட்டால் உள்ளே கெட்டியாக ஒன்று. பால் கட்டாக இருக்குமோ என்று கேட்டாள். அவளுடைய கடைசிப் பிள்ளை அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். பால் கட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். இருக்கும் என்று சொன்னேன்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். பெண்களுடைய ஜெபக் குறிப்புகளை எழுதுகிறவள் நான்தான். பன்னிரண்டாவது வரை படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பார்கள். அதைப் பாஸ்டர் ஐயா எல்லார் முன்பாகவும் வாசிப்பார். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, மாருனு எழுதாத. ஆம்பளைங்க இருப்பாங்க. நெஞ்சுனு எழுது."

எழுதினேன். செல்விக்கு நெஞ்சில் வலி. நெஞ்சு மரியாதையான சொல். பாட்டில் வரும், பிரசங்கத்தில் வரும், யாரும் தலை குனிய வேண்டாம். சபையில் எழுதிய அதே சொல்லை அவள் டாக்டரிடமும் சொன்னாள். அவர் நெஞ்சைப் பார்த்தார். ஈசிஜி எடுத்த பெண்ணிடம் இடது பக்கம் மட்டும் புடவையை விலக்கினாள். வலது பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். டாக்டர் மேல் குற்றமில்லை. சொன்ன இடத்தைப் பார்த்தார்.

நாங்கள் நாற்பது நாள் உபவாசமிருந்து அவள் நெஞ்சுக்காகக் கதறினோம். மாதங்கள் போய், தோல் உடைந்து, புடவையில் கறை தெரிந்த பிறகுதான் சென்னைக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். நான் பக்கத்திலேயேதான் இருந்தேன். அதை எப்படிச் சொல்வது?

ஏரி வற்றி, கரைச்சேறு வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கிற பங்குனியில் செல்வி போனாள். அவள் நெஞ்சு கடைசி வரை நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் கேட்டது கேட்டபடி கிடைத்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நான் எனக்காக ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. மற்றவர்களுக்குக் குறிப்பு எழுதினேன். காய்ச்சல், கல்யாணம், படகு எஞ்சின். எழுதும்போதெல்லாம் என் கையை நானே சந்தேகமாகப் பார்த்தேன்.

அடுத்த வருட மழைக்காலத்தில் நர்சம்மா வீடு வீடாக வந்தார். சுகாதார நிலையத்துக்கு மார்புப் படம் எடுக்கிற வண்டி வரப்போகிறது, நாற்பது தாண்டிய பெண்கள் எல்லாரும் வரவேண்டும் என்று ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார். என் சீட்டில் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. எனக்கு ஒன்றும் இல்லையே என்றேன்.

"ஒண்ணும் இல்லாதப்போதாம்மா வரணும். இருந்து வர்றவங்களத்தான் நான் நிறைய பாத்துட்டேனே."

குளோரி அக்கா எங்கள் சபையில் மூத்தவர். ஜெபத்தில் அவருக்கு நிகர் யாருமில்லை. குழாயடியில் என் கையில் சீட்டைப் பார்த்துவிட்டு, விசுவாசம் இருக்கிறவளுக்கு மிஷின் எதுக்குடி என்றார். எனக்குக் கோபம் வந்தது. பயத்தில் இருக்கிறவளுக்குச் சீக்கிரம் கோபம் வரும்.

"வலைய ஏரில போடறதுக்கு மின்னாடி கிழிசல் கீதானு பாக்கறோமே அக்கா. அது இன்னா, அவிசுவாசமா?"

பேச்சு பெரிய பேச்சுதான். வீட்டுக்கு வந்ததும் சீட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். திங்கட்கிழமை சாயங்காலம், ஒன்றரை வருடத்துக்குப் பிறகு முழங்கால் போட்டேன். என்ன கேட்டேன் தெரியுமா? ஆண்டவரே, அந்த வண்டி வராமல் போகட்டும். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் கேட்டேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் தண்ணீர் ஏறியது. ஜெபம் கேட்கப்படுகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

காலையில் வண்டி வந்துவிட்டது. மழையைக் கண்ணாடியில் துடைத்துக்கொண்டே, சொன்ன நேரத்துக்கு. என் வாழ்நாளில் இவ்வளவு தெளிவாக ஆண்டவர் எனக்கு இல்லை என்று சொன்னதில்லை.

உள்ளே சின்ன அறை. ஏசி குளிர். மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, என் மகள் வயது. மார்பில் வலி இருக்கிறதா, கட்டி இருக்கிறதா, தோலில் மாற்றம் ஏதாவது உண்டா என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். உப்பு இருக்கா, புளி இருக்கா என்று கேட்பதுபோல் அந்தச் சொல்லைச் சொன்னாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவள் வாய் அப்படியேதான் இருந்தது.

ஒரு தட்டின் மேல் மார்பை வைத்து, மேலிருந்து இன்னொரு தட்டை இறக்கி அழுத்தினாள். மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். மூச்சைப் பிடிக்க ஏரிக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வலித்தது. பொய் சொல்ல மாட்டேன். நண்டு கவ்வின மாதிரி வலித்தது. ஆனால் நண்டு விடாது, இது நாலு எண்ணுவதற்குள் விட்டுவிட்டது. இரண்டு பக்கமும் எடுத்தாள். பத்து நிமிடம். வெளியே வந்தபோது மழை நின்றிருந்தது. இதற்காகவா என் செல்வி செத்தாள் என்று நினைத்தேன். இந்தப் பத்து நிமிடத்துக்காகவா?

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன். என் வீட்டுக்காரர் எடுத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டாவது படத்துக்கு வரணுமாமே உன்னிய. மொதப் படம் எப்போ போன, என்ன உட்டுட்டு?"

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தேன். சொன்னேன். அவர் செல்வியின் அண்ணன். வெளியே போய், நல்லாயிருந்த வலையைப் பிரித்து வைத்து, இல்லாத கிழிசலை இருட்டும் வரை தேடினார்.

இரண்டாவது படம் எடுத்தபோது இடது பக்கத்தில் ஏதோ இருக்கிறது, ஊசி போட்டுப் பார்க்கவேண்டும் என்றார்கள். வீடு திரும்பி, குளிக்கிற மறைவில் நின்று என் இடது மார்பை விரலால் தடவினேன். கலங்கல் சேற்றில் சுண்டுவிரல் நீள இறாலை அறிகிற விரல்கள் இவை. கல்லா, சிப்பியா, உயிரா என்று தொட்ட நொடியில் சொல்லும். ஒன்றும் தட்டுப்படவில்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. என் கைக்குத் தெரியாத ஒன்று எனக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அந்த இடத்திலேயே நின்று ஜெபித்தேன். இந்த முறை கெஞ்சவில்லை. ஆண்டவரே, நான் சாகிறதாக இல்லை. செல்வியை அனுப்பிவிட்டேன், என்னை அனுப்பமாட்டேன். நீர் இரக்கமுள்ளவரானால் முதலில் அந்தச் சொல்லை என் வாயில் கொடும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வோம். இப்படித்தான் ஜெபித்தேன். ஆண்டவரிடம் இப்படிப் பேசலாமா என்று கேட்காதீர்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை என் குறிப்பை நானே எழுதினேன். சலோமியின் இடது மார்பில் ஏதோ இருக்கிறது, செவ்வாய்க்கிழமை ஊசி போட்டுச் சோதிக்கப் போகிறார்கள். பாஸ்டர் ஐயா ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார். என்னுடையது வந்தது. நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். சகோதரி சலோமியின் சரீர பெலவீனத்துக்காக என்று சொல்லி அடுத்த சீட்டை எடுத்தார்.

நான் எழுந்து நின்றேன்.

"ஐயா, எழுதினத எழுதினபடி படிங்க."

அவர் கெட்டவர் அல்ல. செல்வியின் அடக்கத்தில் எங்களைவிட அதிகமாக அழுதவர். தாழ்ந்த குரலில், சபைம்மா, எல்லாரும் இருக்காங்க, கர்த்தருக்குத் தெரியும் என்றார்.

"கர்த்தருக்குத் தெரியும் ஐயா. டாக்டருக்கு நாமதான் சொல்லணும். இங்க சொல்ற சொல்லத்தான் எங்க வாய் அங்கயும் சொல்லுது. போன தபா நான் நெஞ்சுனு எழுதினேன். நாப்பது நாள் நெஞ்சுக்கு ஜெபிச்சோம். செல்விக்கு நெஞ்சு நல்லாத்தான் இருந்துச்சு."

ஆண்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரர் தலை கவிழ்ந்திருந்தார். பிறகு நிமிர்ந்தார். படிங்க ஐயா என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பாஸ்டர் ஐயா என் சீட்டைத் திரும்ப எடுத்தார். வாசித்தார். அந்தச் சொல் வந்த இடத்தில் குரல் கொஞ்சம் மெலிந்தது. ஆனாலும் வாசித்தார். கூரை அப்படியே நின்றது. யாரும் எழுந்து போகவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள், அப்புறம் இன்னொருத்தி. அவர்கள் ஜெபிக்கத் தொடங்கியபோது, முக்காட்டுக்குள்ளிருந்து, கைகளுக்குள்ளிருந்து, அந்தச் சொல் முணுமுணுப்பாக எழும்பியது. மார்பு, ஆண்டவரே, மார்பு. ஆரம்பத்தில் ஏரிக்காற்று மாதிரி மெதுவாக. பிறகு மெதுவாக இல்லை.

அந்த நிமிடமே என் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது. இனிச் சொல்லப்போவது அதற்குமேல் கிடைத்தது.

ஊசிச் சோதனையில் அது நல்ல கட்டி இல்லை, புற்றுநோய்தான் என்று வந்தது. டாக்டரம்மா படத்தை விளக்கொளியில் வைத்துக் காட்டினார். வெள்ளையாக ஒரு புள்ளி. இறாலின் கண் அளவுதான் இருந்தது. கைக்குத் தெரிய இன்னும் நாளாகியிருக்கும், அதற்குள் பிடித்துவிட்டோம் என்றார். ஆபரேஷன் செய்து அதை மட்டும் எடுத்தார்கள். கரண்ட் வைத்தார்கள், ரேடியேஷன் என்பார்களே, அது. தினமும் சென்னைக்குப் போய்வந்த அந்த வாரங்களில் தோல் வெந்தது, உடம்பு சோர்ந்தது, ஒருநாள் பஸ்ஸில் நின்றபடியே தூங்கினேன். தினமும் ஒரு மாத்திரை இன்றுவரை போடுகிறேன். இது மூன்றாவது வருடம். போன மாதம் எடுத்த படம் சுத்தமாக இருக்கிறது. விடியலில் ஏரிக்குள் இறங்குகிறேன். மாரளவு தண்ணீரில் உட்காருகிறேன். தழும்பில் உப்புத் தண்ணீர் படுகிறது. படட்டும்.

சிலர் என்னிடம், ஆண்டவர் சுகமாக்கினாரா, டாக்டர் சுகமாக்கினாரா என்று மடக்கப் பார்க்கிறார்கள். மழையில் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தது யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். வரவேண்டாம் என்று நான் முழங்காலில் நின்று கேட்டும் அதை வரவைத்தது யார்? என் ஆண்டவர் நான் கேட்டதைக் கொடுக்கவில்லை. எனக்கு வேண்டியதைக் கொடுத்தார். அவருக்கு ஸ்தோத்திரம். செல்விக்கு ஏன் அப்படி நடக்கவில்லை என்று அவரிடம் நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்பதை நிறுத்தமாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி வண்டி வந்தது. சபை வாசலில் ஆட்டோ சொல்லி வைத்திருந்தேன். ஒன்பது பேர் வந்தார்கள். ஆட்டோக்கார முனுசாமி அண்ணன் எங்கள் ஊர்க்காரர், மீசை நரைத்தவர். நாங்கள் ஏறுவதைப் பார்த்துவிட்டு, இன்னாம்மா கும்பலா கெளம்பிட்டீங்க, யார் வூட்டுக் கல்யாணம் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. குளோரி அக்கா. புதுப்புடவை கட்டி, சீட்டை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு.

"மாரு பாக்கப் போறோம்பா. வண்டிய எடு."

முனுசாமி அண்ணன் வண்டியை எடுத்தார்.

சகோதரிகளே, அடுத்த முறையும் ஆட்டோ சபை வாசலில்தான் நிற்கும். உங்கள் பயத்தையும் கூட எடுத்துக்கொண்டு வாருங்கள், நான் அப்படித்தான் போனேன். நெருக்கி உட்கார்ந்தால் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.