காகம் வராத பல்கனி

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் பல்கனிக்கு மேலிருந்த சிமெந்து விளிம்பில் ஃபல்கன் எனப்படும் ஒரு சோடி வல்லூறுகள் குடியேறியபோது எனக்கு ஒன்பது வயது. அந்த அடுக்குமாடியில் வாடகை கொடுக்காமல் இருப்பவை அவை மட்டும்தான் என்பார் அப்பா. பறவைகளைக் காக்கும் குழுவிலிருந்து ஒரு பெண் வந்தார். மலை இடுக்குகளில் சுண்ணாம்புக்கல் பாறைகளில் கூடு வைக்கும் இனம், ஒருகாலத்தில் அழியப் பார்த்தது, அதன் கண்ணுக்கு உங்கள் கட்டடமும் பாறைதான் என்றார். அன்றிலிருந்து நான் பாறையில் வசிப்பவனாகவே நடந்துகொண்டேன்.

அந்த வருடம்தான் மாமாவுக்கு முதல் திதி. அம்மாவின் தம்பியான அவர் இலங்கைப் போரின் கடைசி நாட்களில் காணாமற் போனவர். உடலைக் கண்டவர் எவருமில்லை. இனியும் திதி கொடுக்காமல் விடக்கூடாது என்று சொந்தக்காரர்கள் நெருக்க, அம்மா அரை மனதோடு சமைத்துப் பல்கனியில் சோறு வைத்தார். காகம் எடுத்தால் இறந்தவரே வந்து உண்டதாக நம்பிக்கை. அதன் பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். பசி தாங்காத அப்பா காகத்தைவிட நன்றாகக் கரைந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. சோறு காய்ந்து போனது.

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அவரோ பெரியம்மாவுக்குப் போன் எடுத்து, "அக்கா, காகம் எடுக்கேல்லை. தம்பி இருக்கிறான்" என்று சிரித்தார்.

எனக்குக் காரணம் தெரியுமே! ஓடிப்போய்ச் சொன்னேன். "அம்மா, மேல இருக்கிற ஃபல்கனுக்குப் பயந்துதான் காகம் வரேல்லை."

அம்மா போனைக் கையால் பொத்தினார். "இதை ஒருத்தரிட்டையும் சொல்லாதை."

சில நாட்களில் பல்கனி திருத்த வேலை வந்தது. கூட்டை அகற்றவேண்டும் என்றார் கட்டடத்து மனேஜர். உள்ளே குஞ்சுகள் இருந்தன. கீழே குடியிருப்பாளர்களின் கூட்டம் நடந்தது. வேலை தள்ளிப்போனால் கோடை முழுக்கப் பல்கனியைப் பூட்டி வைக்கவேண்டும்; அதற்கு யாருக்குத்தான் மனம் வரும்? பஸ் சாரதிக்கு நன்றி சொல்வதோடு தன் ஆங்கிலத்தை முடித்துக்கொள்ளும் அம்மா அன்று எல்லோருக்கும் முன்னால் எழுந்தார். "நோ! பேபி இருக்கு. வெயிட் பண்ணுங்கோ!" என்று கத்தினார். குஞ்சுகள் பறக்கும்வரை வேலை தள்ளிப்போனது.

பறவைக்காரப் பெண் அம்மாவைக் கட்டிப்பிடித்தார். இவை அடுத்த வருடமும் வருமா என்று அம்மா என்னைக் கேட்கச் சொன்னார். வரும், வருடாவருடம் இதே பாறைக்குத்தான் வரும் என்றார் அவர். அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

என் அம்மாவுக்குப் பறவைகள் என்றால் உயிர் என்று மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று பெருமையாகச் சொன்னேன்.