மூன்றாவது கட்டத்தில் நான் எழுதியது

1. டாக்டர் கொடுத்த ஃபாரம்

டாக்டர் கூப்பிட்டபோது ஒரு வண்டிக்காரரின் குதிகாலில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டுப் போய் நின்றேன். மேசைமேல் ஒரு கத்தை ஃபாரம் இருந்தது.

"பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு முதலுதவி வகுப்பு நடத்துனோமே, அதுல அவங்களுக்கு என்ன ஏறியிருக்குன்னு பாத்துட்டு வரணும். நீதான் போற" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் எட்டாவது வரை படித்தவன். திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். புண் கழுவுவதும் கட்டுப் போடுவதும்தான் வேலை. அப்படிப்பட்டவனைப் பரீட்சை வைக்க அனுப்புகிறார்களே என்று, பிள்ளைகளே, உங்கள் அம்மாவிடம் சொல்லி, இருந்த ஒரே வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு வாங்கிக்கொண்டேன்.

ஃபாரத்தில் ஒவ்வொரு மாணவன் பெயருக்கும் எதிரே மூன்று கட்டங்கள். முதலாவது, தெரிந்திருக்கிறதா. இரண்டாவது, செய்து காட்டினானா. மூன்றாவது, நிஜமாகவே ஒருவர் மூச்சில்லாமல் கிடந்தால் செய்ய மனம் இருக்கிறதா.

"மூணாவதுதான் முக்கியம்" என்றார் டாக்டர். "முதல் ரெண்டையும் மனப்பாடம் பண்ணிடலாம். மூணாவதைக் கேக்கும்போது வாயைப் பாக்காத, முகத்தைப் பாரு."

சரி சார் என்றேன். அவர் சொன்னதை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்தது, ஆளைக் குப்புறப் போட்டு, கீழ் விலாவில் இரண்டு கையையும் வைத்து, நிமிஷத்துக்குப் பன்னிரண்டு தடவை அமுக்கி விடுவது. இன்று சொல்லித்தரும் முறை வேறு. இதைப் படித்துவிட்டு யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

2. இருபத்தொன்பது பேர்

அந்தப் பள்ளிக்கூடம் சித்தையன்கோட்டைப் பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். என் பெரியப்பா மகள் வாக்கப்பட்ட ஊர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே மச்சானுடைய தோட்டமும் கிணறும். அதனால் மத்தியானச் சாப்பாடு அக்கா வீட்டில் என்று ஏற்பாடு.

வகுப்பில் இருபத்தொன்பது பையன்கள். டிரில் மாஸ்டர் சவரிமுத்து விசிலோடு நின்றார். நான் கேள்வி கேட்டேன்.

"மூச்சு நின்னுபோச்சுன்னா மொதல்ல என்ன செய்யணும்?"

"குப்புறப் போடணும் சார்!"

"தலைய?"

"ஒரு பக்கமாத் திருப்பணும் சார்!"

"எது வரைக்கும் அமுக்கணும்?"

"மூச்சு வார வரைக்கும் சார்! இல்லேன்னா டாக்டர் வார வரைக்கும் சார்!"

"சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் சார்" என்று ஒருவன் நடுவரிசையிலிருந்து சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதல் கட்டம் முழுவதும் சரி போட்டேன்.

அடுத்து செய்து காட்ட வேண்டும். ஒருவன் படுக்க, இன்னொருவன் அமுக்க, இரண்டு இரண்டு பேராக மைதானத்தில் பிரிந்தார்கள். பெருமாள் என்கிற பையன் மட்டும் தனியாக நின்றான். சேரியிலிருந்து அந்த வகுப்புக்கு வந்த ஒரே பையன் அவன்.

மாஸ்டர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "இருவத்தொம்போது பேரு சார். ஒருத்தன் மிஞ்சத்தான் செய்வான். பஞ்சு மூட்டை ஒண்ணு கெடக்கு. அதக் குடுத்துருவோம்."

முப்பது பேராக இருந்தாலும் மிஞ்சுவது யார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பெருமாளின் அப்பாவிடம் நான்கு தடவை நடந்து, பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவரே அவர்தான்.

"அவன இன்னொருத்தன் மேல கை வைக்கச் சொன்னா, நாளைக்குப் பத்துப் பேரு பள்ளிக்கூடம் வரமாட்டாய்ங்க சார். அப்பறம் இவனையும் நிப்பாட்டிருவாய்ங்க. எதுக்கு வம்பு?"

மூட்டைக்குப் பதிலாக நான் படுத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவும் செய்தது. சட்டைக்குக் கஞ்சி போட்டிருந்தது. "சரி, மூட்டையே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

பெருமாள் மூட்டையின் பக்கத்தில் மண்டியிட்டு அமுக்கினான். மற்ற எல்லாரையும்விட நன்றாகச் செய்தான். அப்புறம் ஆள் மாற்றும் பயிற்சி. அமுக்குகிறவனுக்குக் கை சோர்ந்தால், அடுத்தவன் பக்கத்தில் மண்டியிட்டு, கூடவே எண்ணி, ஒரு எண்ணிக்கைகூடத் தப்பாமல் தன் கையை நுழைக்க வேண்டும். இந்த வேலையில் உயிர் நிற்பதே இதில்தான். மற்றவர்கள் மாறி மாறிச் செய்தார்கள். பெருமாளை மாற்ற யாரும் வரவில்லை. யாரையும் மாற்றும்படி அவனிடம் சொல்லவும் இல்லை. இரண்டாவது கட்டத்திலும் எல்லாருக்கும் சரி.

கடைசியாக, "யாரு விழுந்து கெடந்தாலும் செய்வீங்களா?" என்று கேட்டேன்.

"செய்வோம் சார்!" இருபத்தெட்டுக் கைகள் உயர்ந்தன.

"ஏலே, ஒனக்கு மட்டும் என்ன?" என்றேன் பெருமாளைப் பார்த்து.

"நான் தொட்டா அடிப்பாகய்யா."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது. கட்டம் காலியாகப் போனால் டாக்டர் கேள்வி கேட்பாரே. "அதெல்லாம் பேசப்படாது. கையத் தூக்கு" என்றேன். தூக்கினான். மூன்றாவது கட்டத்தில் இருபத்தொன்பது சரி போட்டு, கீழே 'அனைவரும் மனமுவந்து சம்மதித்தனர்' என்று எழுதிவிட்டு, அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

3. மச்சான் கிணறு

நான்கு மாதம் கழித்து, பங்குனியில், சர்டிபிகேட் கொடுக்க அதே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மாஸ்டர் பெயர் கூப்பிட ஆரம்பிக்கும்போது பின்பக்கமிருந்து கூப்பாடு கேட்டது. எல்லாரும் ஓடினோம்.

மச்சான் கிணற்றில் சரிந்த கல்கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். வேலை பார்த்தவர்களில் ஒருவர் பெருமாளின் அப்பா முத்தன். காலடிக் கல் பெயர்ந்து தண்ணீருக்குள் போய்விட்டார். கூட இருந்த இரண்டு பேர் வடத்தைக் கட்டி மேலே தூக்கிவிட்டார்கள். மூச்சு இல்லை. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கப் போனார்கள். பெருமாள் எங்களை முந்திக்கொண்டு பாய்ந்தான்.

"தூக்காதீக மாமா! கீழ போடுங்க, குப்புறப் போடுங்க!"

போட்டார்கள். அவன் தலையைத் திருப்பி, வாயிலிருந்த சேற்றை விரலால் வழித்துவிட்டு, அமுக்கத் தொடங்கினான். ஒரு பிழை இல்லை. மற்ற பையன்கள் பத்தடி தள்ளி வளையமாக நின்றார்கள். ஒருவன் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ண ஆரம்பித்தான். பிறகு எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள். நானும் எண்ணினேன். அப்போது எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்று! இதை எழுதக் கை கூசுகிறது.

சிறிது நேரத்தில் பெருமாளுக்குக் கை சோர்ந்துவிட்டது. நிமிர்ந்து கூட்டாளிகளைப் பார்த்தான்.

"மாத்துங்கடா. யாராச்சும் மாத்துங்கடா."

எண்ணிக்கை நிற்கவில்லை. ஒருவனும் நகரவில்லை. பையன்கள் என்னைப் பார்த்தார்கள். நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் மச்சானைப் பார்த்தார். மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, நீ இரு. அவிங்க ஆளுக பாத்துக்கிருவாய்ங்க. தொட்டுட்டு அப்பறம் எங்க வீட்டுக்குள்ள எப்பிடி வருவ?"

அவர்களுடைய ஆட்கள் இரண்டு பேரும் அங்கேதான் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. செய்யத் தெரிந்தவர்கள் முப்பது பேர் வளையத்தில் நின்றோம்.

"சார்" என்றான் பெருமாள். அவன் என்னைத்தான் கூப்பிட்டான்.

நான் போகவில்லை. அக்காவை நினைத்தேன். அடுத்த தடவை இந்த ஊருக்கு வருவதை நினைத்தேன். பன்னிரண்டு முடிந்து, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார்கள். பெருமாளின் கை மடங்கி, அப்பாவின் முதுகிலேயே சாய்ந்துவிட்டான். அப்போதுதான் எண்ணிக்கை நின்றது. அந்த அமைதியில்தான் மச்சான் கையை உதறிவிட்டுப் போனேன்.

எனக்குப் பின்னால் மாஸ்டர் வந்தார். அவருக்குப் பின்னால், சாப்பாட்டு மணி என்று சொன்ன பையன் வந்தான். மாறி மாறி அமுக்கினோம். முத்தன் வாயிலிருந்து தண்ணீர் வந்தது, மூச்சு வரவில்லை. ரோட்டில் ஒரு லாரியை நிறுத்தி, அதிலேயே அமுக்கிக்கொண்டு திண்டுக்கல் வந்து சேர்ந்தோம்.

4. டாக்டர் கேட்ட ஒரு கேள்வி

டாக்டர் பார்த்துவிட்டு ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார். "உயிர் இல்ல" என்றார். பிறகு என்னிடம், "நடுவுல நிறுத்தினீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். விடாமச் செஞ்சோம்."

பெருமாள் வாசலில் ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். பொய் என்று அவன் சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

டாக்டர் மேலிடத்துக்கு எழுதி, எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அது வந்த எட்டாம் நாள் டாக்டரிடம் போய் மூட்டையிலிருந்து கிணறு வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அலமாரியிலிருந்து அந்த ஃபாரத்தை எடுத்தார்.

"இருபத்தொம்பது பேர்ல எத்தனை பேருக்கு மனசு இருந்துச்சு?"

"ஒருத்தனுக்குத்தான் சார்."

"முப்பதாவது ஆள் நீ. உன்னை எதுல சேக்க?"

பேனாவை என் பக்கம் தள்ளினார். 'சம்மதித்தனர்' என்று எழுதியிருந்ததை அடித்து, 'ஒருவன் மட்டும். பரீட்சை வைத்தவனுக்கும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"விடாமச் செஞ்சிருந்தாலும் பிழைச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாது" என்றார் டாக்டர். "இனிமே யாருக்கும் தெரியப்போறதில்ல. அதுதான் உனக்குத் தண்டனை."

அதற்குப் பிறகு எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்குப் போனேன். எங்கே போனாலும் முதலில் நான் குப்புறப் படுத்து, கடைசி பெஞ்சில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என் முதுகை அமுக்கச் சொல்வேன். சில பள்ளிக்கூடங்களில் மறு வருஷம் என்னைக் கூப்பிடவில்லை. அக்கா வீட்டுக்கு வெகுநாள் போகவில்லை. யாரையும் கை தூக்கச் சொல்லி மனசு இருக்கிறதா என்று கேட்கவும் இல்லை. யாருக்கு யார் படுக்கிறார்கள், யாரை யார் மாற்றுகிறார்கள் என்று பார்த்தே அந்தக் கட்டத்தை நிரப்பினேன்.

பெருமாள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கிணற்று வேலைக்குப் போய்விட்டான் என்று மாஸ்டர் சொன்னார். அவன் வீட்டுக்கு நான் போனதில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்பேன். அது பொய். அவன் முகத்தைப் பார்க்கப் பயம்.

இதைப் படித்துவிட்டு, "அப்பா கடைசியில் போய்த்தானே செய்தார்" என்று எனக்கு யாரும் சமாதானம் சொல்லாதீர்கள். அவன் கூப்பிட்டபோது நான் போகவில்லை. அவன் கை நின்ற பிறகுதான் போனேன்.