பள்ளங்கி திருமலைச்சாமியின் சீனத்து ஊசி

கொடைக்கானல் மலையில் பள்ளங்கி ஊர்த் திருமலைச்சாமிக்கு நிலம் நீச்சு எதுவும் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு தகர டப்பா, அதுக்குள்ளே முடி கனத்தில் ஒரு கொத்து ஊசி. பினாங்கில் ஒரு சீன வைத்தியர் கடையைக் கூட்டிப் பெருக்கப் போனவர், பெருக்கின இடத்திலேயே தொழிலையும் பொறுக்கிக்கொண்டு ஊர் திரும்பினார். வைத்தியரே கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார் என்பார். பினாங்குக்குப் போய் யார் விசாரிக்கிறது?

தலைவலி என்று வந்தால் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குத்துவார். வயிறு சரியில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே. சில பேருக்கு ஊசி கிடையாது, காய்ந்த மாசிபத்திரி இலையைத் திரியாக உருட்டிப் பற்றவைத்துத் தோலுக்குக் கிட்டே காட்டுவார். வலிக்கிறது ஒரு இடம், குத்துகிறது ஒரு இடமா என்று சனம் சிரித்தது.

"உன் பூண்டுக் காட்டுல கடைசிப் பாத்திக்குத் தண்ணி வரலைன்னா பாத்தியையா வெட்டுவே? மேல எங்க அடைச்சுக் கெடக்குன்னுதான பாப்பே. உடம்புக்குள்ளயும் வாய்க்கா ஓடுது, உசுருதான் அதுல தண்ணி" என்பார்.

பூண்டு போடுகிறவனுக்குப் பாதி விளங்கியது. மீதியைப் பினாங்கு பார்த்துக்கொண்டது. கூலியாகப் பூண்டும் உருளைக்கிழங்கும் வீடு தேடி வந்தன. தனக்குப் பல் வலித்தால் மட்டும் திருமலைச்சாமி பழனிக்கு இறங்கி மாத்திரை வாங்கி வருவார். ஊரான் தோலுக்கு ஊசி, உம்ம தோலுக்கு மாத்திரையா என்று பெண்சாதி கருப்பம்மாள் கேட்பாள். அவர் மேல் ஏறின குத்து அது ஒன்றுதான்.

அறுபத்திரண்டில் சீனாக்காரன் எல்லையில் சண்டைக்கு வந்தான். பள்ளங்கிக்கு வர அவனுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. ஆனாலும் பஞ்சாயத்துத் தலைவர் நல்லசாமி மந்தையில் கூட்டம் போட்டார். யுத்த நிதிக்குப் பெண்கள் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றித் தாம்பாளத்தில் போட்டார்கள். தலைவர் வீட்டம்மா அன்றைக்கென்று மூக்குத்தி போட மறந்துவிட்டாள். அப்புறம் தலைவர் திருமலைச்சாமி பக்கம் திரும்பினார். எதிரி ஊசி ஊருக்குள் இருக்கப்படாது, டப்பாவையும் தாம்பாளத்தில் போடு, இல்லையென்றால் போலீசுக்குச் சொல்வேன் என்றார். கூட்டம் கைதட்டியது. தட்டின கையில் பாதி, அவரிடம் குத்திக்கொண்டு போன கை.

டப்பா போனால் அடுப்பு அணைந்துவிடும். இந்த ஊசியை இனி எங்கே வாங்க? டப்பாவைத் தாம்பாளத்தில் வைத்தார்.

தாம்பாளத்தைத் தூக்கக் குனிந்த நல்லசாமி நிமிரவில்லை. காலையிலிருந்து விறைப்பாக நின்ற இடுப்பு பிடித்துக்கொண்டது. வருஷக்கணக்காக அந்த இடுப்பைத் திருமலைச்சாமி வீட்டுக் கொல்லை வழியாகக் கொண்டுவந்து சரிபார்த்துப் போகிறவர்தான் அவர். மண்ணில் படுக்கப் போட்டதும், ஊசியை எடு என்று திருமலைச்சாமிக்குக் கண்ணைக் காட்டினார்.

"டப்பா சர்க்கார் சொத்தாயிருச்சுங்க தலைவரே. எடுத்தா திருட்டுங்க" என்றார் திருமலைச்சாமி.

வலி ஏற ஏறத் தலைவருக்குப் புத்தியும் ஏறியது.

"ஏலே, எல்லாரும் கேளுங்க. பழனி மலையில சிலை செஞ்ச போகர் சீனாவுக்குப் போனவருதான? அந்தப் பயலுகளுக்கு ஊசி குத்தக் கத்துக்குடுத்தது வேற யாரு? இது போகர் ஊசி, நம்ம சொத்து. வெரசா குத்துப்பா."

இதுக்கும் கூட்டம் கைதட்டியது. டப்பாவுக்கு யாரோ திருநீற்றுப் பட்டை போட்டார்கள். திருமலைச்சாமி தலைவரின் முழங்கால் பின்மடிப்பில் ரெண்டு ஊசி இறக்கினார். கொஞ்ச நேரத்தில் தலைவர் எழுந்து நின்றார். ஊசிக்கு எழுந்தாரா, ஊர் பார்க்கிறதே என்று எழுந்தாரா, முருகனுக்குத்தான் வெளிச்சம்.

டப்பா திரும்பிக் கிடைத்தது. மறுநாள் வெள்ளனே வாசலில் முன்னைவிடக் கூட்டம். முதலில் வந்த ராக்காயி குத்திக்கொண்டு, டப்பாவைக் கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடு கிளம்பினாள். பூண்டு எங்கே என்று கேட்டார்.

"சித்தர் ஊசிக்குக் கூலி கேக்கலாமாண்ணே? நாக்கு அழுகிராது?" என்றாள்.

அடுத்து வந்தவர்களும் அப்படியே. அந்தப் பனிக்காலம் முழுக்கப் போகருக்குப் புகழ், கருப்பம்மாளுக்குக் கஞ்சி.

சீசன் வந்ததும் திருமலைச்சாமி டப்பாவின் பட்டையைத் துடைத்துவிட்டுக் கொடைக்கானல் ஏறினார். ஏரிக்கரை பங்களாவில் கழுத்து வலிக்காரத் துரைசானி ஒருத்தி, இது எந்த ஊர் வைத்தியம் என்று கேட்டாள். சுற்றுமுற்றும் பார்த்தார். பள்ளங்கி முகம் ஒன்றும் தட்டுப்படவில்லை.

"ஒரிஜினல் சைனா, மேடம்" என்றார்.