மூன்று படிகளுக்குக் குங்குமம்

அம்மாவின் தங்கையான என் சித்தி எங்கள் வீட்டிலேயே இருந்தார். திருத்தணியில் நான் ஐந்தாம் வகுப்பு படித்த தனியார் பள்ளியில் அவர்தான் ஓவிய ஆசிரியை. வீட்டில் சித்தி, பள்ளியில் மிஸ். கேட்டைத் தாண்டியதும் அழைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு இடப்பட்டிருந்த ஒரே கட்டளை. அதையும் வாரத்துக்கு இரண்டு முறையாவது மீறிவிடுவேன்.

ஓவிய வகுப்பு என்றால் மாம்பழம், தேசியக்கொடி, இரண்டு மலைக்கு நடுவில் சூரியன் ஆகியவற்றை வரைவதுதான் என்று நாங்களும் தலைமை ஆசிரியரும் ஒருமனதாக நம்பிக்கொண்டிருந்தோம். சித்திக்கு அது போதவில்லை. சென்னையில் இக்காலக் கலைக் கண்காட்சி நடக்கிறது, பிள்ளைகளை அழைத்துப் போய்ப் பார்த்துப் பேச வைக்கிறேன் என்று விடாமல் கேட்டு அனுமதி வாங்கினார். தலைமை ஆசிரியர் லேசுப்பட்டவர் இல்லை. தானும் கூட வருவேன், பிரயோஜனமாக இருந்தால்தான் அடுத்த வருடம் ஓவிய வகுப்பு, இல்லாவிட்டால் அந்த நேரம் கணக்குக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். ஓவிய வகுப்பு போனால் சித்தியின் வேலையும் போகும். இதை அவர் அம்மாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். கணக்கு கூடப்போகிறதே என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது.

ஒரு வாரம் பயிற்சி நடந்தது. 'நல்லா இருக்கு' என்று சொல்லக் கூடாது. முதலில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டும். பிறகு, எதைப் பார்த்து அப்படித் தோன்றியது என்று காட்ட வேண்டும். தப்பான பதில் என்று எதுவுமே கிடையாது. இந்தக் கடைசி விதிதான் எங்களைத் திக்குமுக்காட வைத்தது. அப்படி ஒரு பாடத்தை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. வகுப்புச் சுவரில் மழைத்தண்ணீர் இறங்கிய கறையைக் காட்டி, "இன்னா தெரியுது?" என்று கேட்டார் சித்தி. ஒட்டகம் என்றான் ஒருவன். "எத்தப் பாத்து சொல்ற?" என்றார். அவன் எழுந்து போய்த் திமிலைத் தொட்டுக் காட்டினான். அதற்குப் பிறகு எவ்வளவு முயன்றும் எங்கள் கண்ணுக்கு அது வெறும் கறையாகத் தெரியவில்லை.

மின்சார ரயிலில் போனோம். மலைக்கோயில் குங்குமம் கொஞ்சத்தைப் பொட்டலம் கட்டி, வழித்துணைக்கு என்று என் பையில் வைத்து அனுப்பினார் அம்மா.

கண்காட்சியில் முதல் இரண்டு படங்களுக்குப் பிள்ளைகள் வெளுத்து வாங்கினார்கள். சிவப்பு மட்டுமே பூசிய பெரிய துணி ஒன்று தொங்கியது. அதைப் பார்த்ததும் தங்கள் வீட்டுத் தறி நினைவுக்கு வருகிறது என்றாள் அம்மையார்குப்பத்திலிருந்து வரும் பெண். சித்தி கேட்பதற்கு முன்பே, ஓரத்தில் நூல் பிரிந்து நிற்பதைச் சுட்டிக் காட்டினாள். தலைமை ஆசிரியர் கைகட்டி நின்று தலையாட்டினார். சித்தியின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்றாவது, ஒரு படிக்கட்டு. மரத்தில் செய்து வெள்ளை வெளேரென்று வண்ணம் பூசியிருந்தார்கள். ஏறிப்போனால் மேலே வெறும் சுவர்தான். சுற்றி வந்து நிதானமாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, பின்தங்கிவிட்ட இரண்டு பேரைக் கூப்பிடப் போனார் சித்தி.

நான் பார்த்தேன். எங்கள் ஊரில் நேர்ந்துகொண்டவர்கள் மலைப்படி ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக்கொண்டேதான் ஏறுவார்கள். அம்மா மஞ்சள், நான் குங்குமம். எங்களுக்குள் வேலைப் பங்கீடு அப்படி. இத்தனை படிகள் ஒரு பொட்டுகூட இல்லாமல் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தேன். வாட்டர் பாட்டில் தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டேன். மூன்று படிகளுக்கு வைத்துவிட்டு நாலாவதுக்குக் கையை நீட்டும்போது காவலாளி கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

கண்காட்சிக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க வெள்ளையில் ரோஜா நிறம் பரவியது. "யாரு இத செய்யச் சொன்னது?" என்றார் தலைமை ஆசிரியர். யாரும் சொல்லவில்லை. ஆனால் யாராவது சொன்னதாக இருந்தால் திட்டு அவர்களுக்குத்தானே போகும் என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். "சித்தி" என்றேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த இரண்டு பேரோடு சித்தி அப்போதுதான் வந்து சேர்ந்தார். படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதைப் பார்த்து இப்படிச் செய்தாய் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் அழகாகச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

"ஆங் சார், நான்தாங்க வெக்கச் சொன்னேன். கொழந்தைய ஒண்ணும் சொல்லாதீங்க."

திரும்பும்போது தலைமை ஆசிரியர் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார். சித்தி என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து வேர்க்கடலை வாங்கித் தந்தார். தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியில் முழுப் பொட்டலத்தையும் நானே தின்றேன்.

ஜூனில் பள்ளி திறந்தபோது ஓவிய வகுப்பு நேரமும் கணக்குக்குப் போயிருந்தது. சித்தி வரவில்லை. நான் வீடு திரும்பும் நேரத்துக்குச் சூடாக ஏதாவது செய்து வைத்திருப்பார், சடை பின்னிவிடுவார். என்னை விட்டுப் பிரிய மனமில்லாமல்தான் எங்கள் சித்தி வேலையை விட்டார் என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் அவரிடமே கேட்டும்விட்டேன்.

"எனக்காகத்தான சித்தி வேலைய உட்டுட்ட?"

சித்தி என் தலைமுடியில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். "ஆங், ஒனக்காகத்தான்" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பக்கம் மட்டும் பின்னிய சடையோடு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அதைச் சொல்ல ஓடினேன்.