நான்கு வரி இடம்

எங்கள் அச்சகத்தில் அச்சடித்ததை முழுதாகப் படிக்கிற ஆள் ஒருத்திதான். அது முதலாளி இல்லை, நானும் இல்லை. தாள்களை மடித்து, அட்டை போட்டு, பின் அடிக்கிற அக்கா. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். மருந்துக் கம்பெனித் தாளோ, வரி ரசீதோ, பள்ளிக்கூட விண்ணப்பமோ, எது வந்தாலும் முதல் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நிற்பாள். கடைசி வரி வரை வாசித்த பிறகுதான் மடிக்க உட்காருவாள்.

"என்னக்கா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என் கையால வெளிய போறது என்னன்னு எனக்குத் தெரிய வேண்டாமா தம்பி?" என்றாள்.

எனக்கு அங்கே பெயர் கம்ப்யூட்டர். எழுத்துக் கோர்ப்பது, பக்கம் வடிவமைப்பது, பிழை வந்தால் திட்டு வாங்குவது, மூன்றும் என் வேலை. அக்கா எனக்கு முன்பே பத்து வருடம் அங்கே இருந்தாள். சுமை தூக்கும் வேலையில் இருந்த அவள் வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த வருடம் வந்து சேர்ந்தவள். இரண்டு பெண்களை அந்த மடிப்பு மேஜையிலிருந்தே ஆளாக்கிக் கரையேற்றினாள். கால்வாய்க் கரையில் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டுமாக ஒரு வீடும் கட்டினாள். ஒரு வருடம் சுவர், இரண்டு வருடம் கழித்துக் கூரை, அதற்கப்புறம் கதவு என்று தவணையில் எழுந்த வீடு. அவளுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் அது ஒன்றுதான்.

அந்த வீட்டுக்குத்தான் ஆபத்து வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நகரசபை ஆட்கள் டேப்போடு வந்து கரையிலிருந்த முன்னூற்றுச் சொச்சம் வீடுகளையும் அளந்தார்கள். எதற்கு என்று கேட்டவர்களிடம் "மேலே கேளுங்க" என்றார்கள். மேலே கேட்கப் போனவர்களிடம் "அப்படி ஒண்ணும் இல்லையே" என்றார்கள். அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு தண்ணீர் சரியாக இறங்கவில்லை. வீடு நிற்குமா, இடியுமா என்ற ஒரே கேள்வி.

நகரசபைத் தேர்தல் வந்தது. எங்கள் ஊரில் நீலக் கட்சி, மஞ்சள் கட்சி என்று இரண்டுதான். நாற்பது வருடமாக இவர்கள் இறங்கினால் அவர்கள், அவர்கள் இறங்கினால் இவர்கள். மூன்றாவதாக நிற்கிறவரைக் கல்யாண வீட்டில் தெரியாமல் நுழைந்துவிட்டவரைப் போலப் பார்ப்பார்கள். இரண்டு கட்சிக்கும் வாக்குறுதிப் புத்தகம் போடுகிறவர்கள் நாங்கள்தான். பளபளப்பான வண்ண அட்டை வெளியூரில் அச்சாகி வரும். உள்தாள் எங்கள் மிஷினில் கறுப்பு மையில் ஓடும். நீலத்துக்குச் செய்த வடிவமைப்பையே மஞ்சளுக்கும் வைத்துக்கொள்வேன். அளவு ஒன்று, காகிதம் ஒன்று, "நாங்கள் பொறுப்பேற்றதும்" என்ற தொடக்கமும் ஒன்று. உள்தாளில் கட்சிப் பெயர்கூட இருக்காது. எது யாருடையது என்று தெரிய, கட்டின் மேல் ஒரு கலர்ச் சீட்டு வைப்போம், அவ்வளவுதான்.

நீலக் கட்சிக்காரர்கள் ஏழு வாக்குறுதி எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்தில் கீழே நான்கு வரி இடம் காலியாக நின்றது. அவர்கள் செயலாளருக்குப் போன் போட்டேன்.

"இடம் இருந்தா நீயே ஏதாவது போட்டு நிரப்புப்பா. பாக்க நிறைவா இருக்கணும்" என்றார்.

இது எங்கள் தொழிலில் புதிதில்லை. பள்ளிக்கூட ஆண்டு மலரில் பொன்மொழி போட்டு நிரப்புவேன். அன்று காலையில்தான் அக்கா என் பக்கத்தில் வந்து, "ரெண்டுல யாராவது எங்க கரையைப் பத்தி ஒரு வார்த்தை எழுதியிருக்காங்களா தம்பி?" என்று கேட்டிருந்தாள். இல்லை என்று சொல்ல நேர்ந்தது. அந்த முகம் கண்ணிலேயே நின்றது. நான் இப்படி அடித்தேன்: "கால்வாய்க் கரையில் குடியிருக்கும் எந்தக் குடும்பமும் அப்புறப்படுத்தப்படாது. அவர்கள் கட்டிய வீடு அவர்களுக்கே சட்டப்படி சொந்தமாக்கப்படும்." கச்சிதமாக நான்கு வரி வந்தது. செயலாளர் அட்டையில் தலைவர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, உள்தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

முதல் தாள் வந்ததும் அக்கா வழக்கம்போல ஜன்னலுக்குப் போனாள். தாளைப் பிடித்தபடியே ஓடி வந்தாள். "எழுதிட்டாங்க தம்பி. அச்சுலயே போட்டுட்டாங்க." அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வருடத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். திரையைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொள்வது அதற்கப்புறம் எனக்குப் பழக்கமாகிவிட்டது.

புத்தகங்கள் ஊரெல்லாம் வீடு வீடாகப் போன மூன்றாம் நாள், அக்கா காலையில் வந்து என் முன்னால் ஒரு மஞ்சள் புத்தகத்தை வைத்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"திறந்து பாரு."

திறந்தேன். மஞ்சள் அட்டைக்குள் நீலத்தின் உள்தாள். கடைசியில் என் நான்கு வரி. ஓடிப்போய் ஒரு நீலப் புத்தகத்தைத் திறந்தேன். உள்ளே மஞ்சள்.

நடந்தது இதுதான். மேஜையில் இடது பக்கம் நீலம், வலது பக்கம் மஞ்சள் என்று வைப்பதுதான் வழக்கம். அட்டை போட்ட அன்று மிஷின்காரர் அவசரத்தில் கட்டுகளை மாற்றி இறக்கியிருக்கிறார். மின்விசிறிக் காற்றில் சீட்டுகள் பறந்து கீழே விழ, அக்கா பல வருடப் பழக்கத்தில் இடது கட்டுக்கு நீல அட்டையும் வலது கட்டுக்கு மஞ்சள் அட்டையுமாகப் போட்டுவிட்டாள். முதல் தாளைத்தான் முன்பே படித்தாயிற்றே. மொத்தம் நான்காயிரம் புத்தகம்.

அன்றைக்கும் மறுநாளும் நாங்கள் இருவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாசலில் ஒரு வேன் நின்றதும் அக்கா எழுந்து பின்கதவைப் பார்த்தாள். அது பேப்பர் இறக்க வந்த வேன். கட்சிக்காரர்களுக்குத் தெரிந்தால் அச்சகத்தை அடித்து நொறுக்கிவிட்டுத்தான் காரணம் கேட்பார்கள். முதலாளிக்கு இன்னும் தெரியாது.

யாரும் வரவில்லை. ஒரு போன்கூட இல்லை. நீலத்தின் பேச்சாளர் மஞ்சளின் வாக்குறுதிகளைக் கையில் வைத்துக்கொண்டு தெரு முனையில் தொண்டை கிழியப் படித்தார். கூட்டம் கைதட்டியது. நான் அதைக் காதால் கேட்டேன். சிரிப்பு வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது.

அதற்கடுத்த நாள் அக்கா, "தம்பி, எங்க தெருவே மஞ்சளுக்குப் போகுது" என்றாள். "அந்த நாலு வரியைக் கிழிச்சு சுவத்துல ஒட்டியிருக்காங்க. எங்க வீட்டுக்காரர் பொறந்ததுல இருந்து நீலம். அவரே மாறிட்டார். காப்பாத்தறேன்னு சொன்னவன் ஒருத்தன், ஓட்டு போறது இன்னொருத்தனுக்கு. எல்லாம் என் கையால வந்தது. நான் போய் நீலத்துக்காரங்ககிட்ட சொல்லிடறேன்."

"அக்கா, அடிப்பாங்க."

"அடிக்கட்டும். வீடு போனா மட்டும் எங்க போய் நிக்கறது?"

தனியாக அனுப்ப மனம் வரவில்லை. கூடப் போனேன். வழி முழுக்கச் சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று இடித்துக்கொண்டே வந்தது. வாய் திறக்கவில்லை.

கட்சி அலுவலகம் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில். செயலாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆட்கள் கொடிக்குக் கம்பு சீவிக்கொண்டிருந்தார்கள். அக்கா இரண்டு புத்தகத்தையும் மேஜையில் விரித்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். தப்பு தன்னுடையது, அச்சகத்தை ஒன்றும் செய்ய வேண்டாம் என்றாள். கம்பு சீவியவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

செயலாளர் இரண்டையும் புரட்டினார். பிறகு டீயை எடுத்துக்கொண்டார்.

"சரி, விடும்மா. எவன் படிக்கறான். அட்டையில தலைவர் முகம் சரியா விழுந்திருக்கு, போதும்."

"அதில்லைங்க. எங்க கரையைப் பத்தி நீங்க எழுதினது அவங்க புத்தகத்துல போயிடுச்சு. நீங்க வந்து தெருவுல ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"கரையைப் பத்தியா? நாங்களா?" அவர் புத்தகத்தை மறுபடி எடுத்து அந்த நான்கு வரியை வாசித்தார். முதல் தடவையாக முகம் மாறியது. டம்ளரைக் கீழே வைத்தார். "கால்வாய் விஷயத்தை மேடையில எடுக்கவே கூடாதுன்னு ரெண்டு தரப்பும் உக்காந்து பேசி முடிச்சிருக்கோம். இதை எவன் எழுதினான்?"

அவர் பார்வை அக்காவைத் தாண்டி என்மேல் வந்து நின்றது. கம்பு சீவியவர்களில் ஒருவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"நீங்கதானே இடத்தை நிரப்பச் சொன்னீங்க" என்றேன்.

அவர் மஞ்சள் அட்டையைத் திருப்பிப் பார்த்து, மெல்லச் சிரித்தார். "நல்லவேளை, அவங்க அட்டையில இருக்கு. பதில் அவங்க சொல்லிக்கட்டும். ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுப் போங்க. வெளிய வந்துச்சுன்னா கடை இருக்காது."

படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் அக்கா எனக்கு முன்னால் நடந்தாள். பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் நின்றாள்.

"நீயா எழுதின?"

"ஆமாக்கா."

"ஏன்?"

ஆயிரம் சொல்லியிருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "இடம் காலியா இருந்துச்சு" என்றுதான் வந்தது.

அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையை ஆட்டிவிட்டுப் பேருந்தில் ஏறிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் படுக்கையிலிருந்தே, "அச்சுல வந்திருக்கு, நீதானே மடிச்ச, இப்ப பொய்னு சொன்னா எப்படி?" என்று கேட்டாராம். பக்கத்து வீடுகளில் போய்ச் சொன்னாள். நீலத்துக்காரர்கள் அவளைக் கையில் போட்டுக்கொண்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. பத்து வருடம் தண்ணீர்க் குடத்தை மாற்றி மாற்றித் தூக்கிவிட்டவர்கள் அவளைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். மஞ்சள் வேட்பாளர் கரைக்கு வந்தபோது சுவரில் ஒட்டியிருந்த நான்கு வரியைக் காட்டினார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்து, "எழுதியிருக்கே, அப்புறம் என்ன?" என்றார்.

வாக்குப்பதிவுக்கு மறுநாள், யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். அதற்குள் என்னோடு மறுபடி பேச ஆரம்பித்திருந்தாள், ஆனால் தம்பி என்று கூப்பிடுவது நின்றுபோயிருந்தது.

"ரெண்டு படத்தையும் பாத்துக்கிட்டே நின்னேன். பின்னாடி நின்னவங்க இருமினாங்க. ஏதோ ஒண்ணுல குத்திட்டு வந்துட்டேன்" என்றாள்.

மஞ்சள் ஜெயித்தது. கரை முழுக்கப் பட்டாசு. பதவியேற்று ஒன்பதாம் நாள் நகரசபையிலிருந்து எங்களுக்கு ஓர் அவசர வேலை வந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு நோட்டீஸ், ஒவ்வொன்றிலும் குடும்பத் தலைவர் பெயர் தனித்தனியாக. முப்பது நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். பெயர்களை நான்தான் ஏற்றினேன். அக்காவிடம் சொல்ல எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அதற்குள் மிஷின்காரர் கட்டைக் கொண்டுபோய் அவள் மேஜையில் வைத்துவிட்டார்.

அவள் மேல் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். வெகுநேரம் வாசித்தாள். அடியில் சின்ன எழுத்தில் தீர்மானத்தின் விவரம் இருந்தது. தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது. முன்மொழிந்தவர் நீலக் கட்சி உறுப்பினர், வழிமொழிந்தவர் மஞ்சள் கட்சி உறுப்பினர். ஏகமனதாக நிறைவேறியது.

தாளைக் கட்டின் மேலேயே திருப்பி வைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சார், இதை நான் மடிக்க மாட்டேன்."

முதலாளி கெட்டவர் இல்லை. கண்ணைக் கீழே போட்டுக்கொண்டுதான் சொன்னார். "நீ மடிக்கலைன்னா வேற யாராவது மடிப்பாங்கம்மா. வேலை நிக்கப் போறதில்லை. நாளைக்கு உனக்கு இங்க இடமும் இருக்காது."

"தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். "நாலு மணிக்கு நகரசபையிலிருந்து ஆள் வரும்" என்றார்.

என்னாலும் முடியாது என்று சொல்லியிருக்கலாம். வாசல் திறந்துதான் இருந்தது. நான் அவள் மேஜையில் போய் உட்கார்ந்தேன். நூறைத் தாண்டியதும் அவள் வீட்டுக்காரர் பெயர் வந்தது. கை தானாக நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஓரத்தைப் பொருத்தி, மடித்து, ஸ்கேலால் ஓர் அழுத்து அழுத்தி அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். மூன்றரைக்கே வேலை முடிந்துவிட்டது.