ஜாமீன் என்ற நாயும் என் தங்கையின் வலது கைக் கட்டும்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்ணி வைத்திருக்கிறேன், நான்கு. எட்டாம் மாதத்திலேயே பிறந்து, தேறாது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிள்ளை அவள். தேறினாள். தேறியதோடு நிற்காமல் அன்றிலிருந்து இன்றுவரை என்னோடு சண்டையும் போட்டுக்கொண்டிருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று பலகை போட்டிருந்த நாய்க் காப்பகத்தில், எழுதப் படிக்கத் தெரியாமலே வேலைக்குச் சேர்ந்தாள். பதினொரு பேர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போன நாய்க்கு ஒரு வீடு பிடித்துக் கொடுத்தாள். நான்காவது கடைசியில் வரும்.

வீட்டில் அவளுக்கு எதிர்க்கட்சி என்று பெயர். அப்பா வைத்தது. நாம் ஜன்னலைத் திறந்தால் அவள் மூடுவாள், மூடினால் திறப்பாள். இடது கைக்காரி. இரண்டாம் வகுப்பில் அந்தக் கையால் எழுதியதற்காக ஆசிரியை விரல் முட்டியில் அடித்தார். மறுநாள் இவள் பள்ளிக்குப் போகவில்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தார், அப்பா தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார், இவள் வாசல் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் படிப்பு. நான் ஒன்பதாவது வரை படித்துவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தேன். இப்போது எனக்கு நாற்பத்தெட்டு, அவளுக்கு நாற்பத்தைந்து. இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இன்னும் யாரும் யாரையும் கொல்லவில்லை.

காப்பகத்தில் அவள் வேலை கடைசி வரிசைக் கூண்டுகள். கழுவ வேண்டும், தீனி வைக்க வேண்டும், மருந்து போட வேண்டும். அதோடு ஒவ்வொரு கூண்டிலும் தொங்கும் அட்டையில் அந்த நாயின் அன்றாடச் செய்தியை எழுதிக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். நாய் எடுக்க வருகிறவர்கள் முதலில் படிப்பது அந்த அட்டையைத்தான்.

எதிர்க்கட்சி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். சாயங்காலம் அட்டைகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வருவாள். வந்ததும் குளியல், ஏனென்றால் நாய் முடி பட்டால் எனக்கு இழுப்பு வரும். பிறகு சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கையெழுத்தும் நானே, அவள் பெயரில். ஆறு வருஷம் இது யாருக்கும் தெரியாது. சரியா தவறா என்று என்னைக் கேட்காதீர்கள். முதல் நாளே தவறு என்று சொன்னேன். எதிர்க்கட்சியிடம் சொல்லி எது நடந்திருக்கிறது?

ஒரே ஒரு சிக்கல். நாய் ஒரு வீட்டுக்குப் போகும் நாளில், காப்பகத்தில் அதைப் பார்த்துக்கொண்டவர் மேலாளர் முன்னால் உட்கார்ந்து படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு மட்டும் என்னைப் பையில் போட்டுக் கொண்டுபோக முடியாது. அதனால் நாய்களின் மருந்துப் பெட்டியிலிருந்து துணி எடுத்து வலது கையில் கட்டுப் போட்டுக்கொள்வாள். வழுக்கி விழுந்தேன், சுளுக்கிக்கொண்டது என்பாள். மேலாளர் மை டப்பாவை நீட்டுவார், இடது கைப் பெருவிரலை வைப்பாள். எட்டு நாய்கள் அப்படிப் போயின. எட்டுக் கட்டு.

“என்னம்மா, நாய் கிளம்புதுன்னாலே உங்க கை வீங்கிடுதே?” என்பாராம் மேலாளர்.

“பிரிவுத் துயரம் சார்,” என்பாளாம் இவள்.

இந்த நிலையில்தான் அந்த நாய் வந்தது. ஒரு வயது இருக்கும். மூடிப்போன மரப்பட்டறை ஒன்றின் பின்பக்கம் சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கழுத்தைச் சுற்றி முடியே இல்லை, நகம் சுருண்டு உள்ளங்காலில் குத்தியது. “இத்தனை நாள் ஜெயில்ல இருந்திருக்கான், இனிமே ஜாமீன்தான்,” என்று இவள் அதற்கு ஜாமீன் என்றே பெயர் வைத்தாள். வீட்டில் மூன்று மாதம் வேறு பேச்சு இல்லை. ஜாமீன் தும்மினான், ஜாமீன் கொட்டாவி விட்டான். என் தம்பி மகனுக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தியைச் சொன்னேன். “சரி, ஜாமீனுக்கு இன்னைக்கு வயிறு சரியில்லக்கா,” என்றாள்.

அவனை யாரும் எடுக்கவில்லை. வருகிறார்கள், அட்டையைப் படிக்கிறார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கூண்டுக்குப் போகிறார்கள். ஒருவர் குரைக்காத நாய் இருக்கிறதா என்று கேட்டார். “இருக்கு, பொம்மைக் கடையில,” என்று சொல்லி மேலாளரிடம் திட்டு வாங்கினாள்.

அக்டோபர் முதல் வாரத்தில் மேலாளர் சொன்னார், கடைசி வரிசையை இடித்துக் கட்டப் போகிறார்கள். முப்பதாம் தேதிக்குள் வீடு கிடைக்காத நாய்கள் ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய கொட்டகைக்குப் போகும். அங்கே முந்நூறு நாய்கள் ஒன்றாகக் கிடக்கின்றன. இன்னொரு நாய் பக்கத்தில் வந்தாலே ஜாமீன் மூலையில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். கொட்டகையில் தீனிக்குப் போட்டியிட அவனால் ஆகாது. ஒரு வாரம் தாங்குவானா என்பதே சந்தேகம்.

அன்று சாயங்காலம் குளிக்காமலே என் முன்னால் வந்து நின்றாள். எனக்கு உடனே தும்மல்.

“அட்டையைப் படிச்சதும்தான் எல்லாரும் ஓடுறாங்க. அப்படி என்னதான் எழுதுனே?”

“நீ சொன்னதைத்தான் எழுதுனேன்.”

“படி, கேப்போம்.”

மூக்கைத் துடைத்துக்கொண்டு படித்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை, தேதிவாரியாக இருந்தது. செப்டம்பர் நான்காம் தேதி: படுக்கைத் துணி ஒன்றைக் கிழித்தது. ஏழாம் தேதி: துடைப்பத்தைப் பார்த்து உறுமியது. ஒன்பது: வைத்த தீனியை உடனே சாப்பிடவில்லை. பன்னிரண்டு: கூப்பிட்டால் வரவில்லை, நாலடி நடந்து திரும்பிவிடுகிறது. பதினைந்து: மறுபடியும் துணி.

“இதையா நான் சொன்னேன்?”

“பின்னே? துணியைக் கிழிச்சான்னு சொன்னியா இல்லியா?”

“கிழிச்சு, அதைச் சுருட்டி, அதுமேல படுத்துக்கிட்டான்னு சொன்னேன்! பிறந்ததுலேர்ந்து மெத்தையே பார்க்காதவன் தானா ஒண்ணு செஞ்சுக்கிட்டான்னு சொன்னேன். அது எங்க?”

“அது… கதை மாதிரி இருந்துச்சு. விட்டுட்டேன்.”

“தீனியைச் சாப்பிடலேன்னு போட்டிருக்கியே, நான் உக்கார்ற வரைக்கும் காத்திருந்தான்னு சொன்னேனே?”

“செய்தியை மட்டும் எழுதணும்னு நீதானே சொன்னே!”

“நாலடி நடந்து ஏன் திரும்புறான் தெரியுமா உனக்கு? சங்கிலி அவ்வளவுதான் நீளம். கழுத்துல சங்கிலி இல்லேன்னு அவனுக்கு இன்னும் தெரியல. அன்னைக்கு அஞ்சாவது அடி வெச்சான். கூடுதலா ஒரு அடி வெச்சான்னு ஓடி வந்து சொன்னேன். நீ ஊசியில நூல் கோத்துக்கிட்டே ‘ம்’னே.”

அட்டையைக் கீழே வைத்தேன். ஆறு வருஷம் இவள் சொன்னதில் பாதியைத் தேவையில்லாத பேச்சு என்று நான் தள்ளியிருக்கிறேன். துணிக்கு ஓரம் வெட்டுகிற மாதிரி வெட்டியிருக்கிறேன். மற்ற நாய்கள் தங்கள் முகவெட்டாலேயே வீடு பிடித்துக்கொண்டு போய்விட்டன. இவனுக்கு அட்டை ஒன்றுதான் துணை, அதை நான் போலீஸ் குற்றப்பத்திரிகை மாதிரி எழுதி வைத்திருந்தேன்.

புது அட்டை எடுத்தேன். அவள் முதல் நாளிலிருந்து சொன்னாள், ஒரு சொல் விடாமல் எழுதினேன். இரண்டு பக்கமும் நிரம்பி இன்னொரு அட்டை ஒட்ட வேண்டியிருந்தது. வழக்கம்போலக் கீழே கையெழுத்துப் போடப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இதுல நீ போடாதே.”

“பின்னே யார் போடுறது? ஜாமீனா?”

வெளிநடப்பு.

மறுவாரம் மிஷினில் வைத்திருந்த சீருடைத் துணியை விரித்தேன். சாம்பல் நிறத் துணியின் உள்பக்கம் முழுக்க என் சுண்ணாம்புக் கட்டியால் கிறுக்கல். உற்றுப் பார்த்தால் அவள் பெயர். நாலே எழுத்து, முப்பது நாற்பது தடவை. சிலது படுத்திருந்தன, சிலது முதுகைக் காட்டின. காப்பகம் கொடுத்த அடையாள அட்டையை ஊசி டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறாள். அழிக்க அழிக்கப் போகவில்லை. வாடிக்கையாளருக்கு நான் என்ன பதில் சொல்வது?

“பேப்பர் கேட்டா தர மாட்டேனா? துணியிலதான் எழுதணுமா?”

“பேப்பர்ல எழுதுனா நீ திருத்துவே,” என்றாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் திருத்தியிருப்பேன் என்பது நிஜம்தான்.

தேதி போய்க்கொண்டே இருந்தது. இருபது, இருபத்திநாலு, இருபத்தேழு. ஜாமீனைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை பதினொன்றில் நின்றது. இருபத்தெட்டாம் தேதி ஒரு சலவைக் கடைக்காரர் வந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர். புது அட்டையில் கையெழுத்து இல்லாததால் பழையதையும் சேர்த்தே இவள் தொங்கவிட்டிருந்தாள். நின்றபடியே இரண்டையும் முழுக்கப் படித்தார். பிறகு கூண்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். அரைமணி நேரம் நாயைக் கூப்பிடவில்லை, கை நீட்டவில்லை. நாளை வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

“நாளைக்கு நீயும் வரணும்,” என்றாள் தங்கை. “நீ எழுதுனதுக்கு நீயே பதில் சொல்லு.”

இழுப்பு மருந்தையும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் வலது கையில் கட்டு. எனக்கு எரிச்சலாக வந்தது. அத்தனை துணியைப் பாழாக்கிவிட்டு மறுபடியும் கட்டா?

“ஒருவேளை கை நடுங்கிட்டா?” என்றாள் மெதுவாக. அவள் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

மேலாளர் அறையில் நாலு பேர் உட்கார்ந்தோம். சலவைக் கடைக்காரர் இரண்டு அட்டைகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இதுல கையெழுத்து இருக்கு, இதுல இல்ல,” என்றார். “ஒரே நாய்தான். ஒண்ணைப் படிச்சா வேணாம்னு தோணுது. ஒண்ணைப் படிச்சா இன்னைக்கே கூட்டிட்டுப் போகலாம்னு தோணுது. இதுல எது நிஜம்? எதுக்கு யாரு பொறுப்பு?”

மேலாளர் வழக்கம்போல மை டப்பாவைத் திறந்தார். “அவங்களுக்குக் கையில அடி பட்டிருக்கு, பெருவிரல் வெப்பாங்க.”

தங்கை டப்பாவைப் பார்த்தாள், ஜன்னல் வழியே கூண்டு வரிசையைப் பார்த்தாள். பிறகு டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேலாளரின் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்கக்கூடக் கேட்காமல் உருவினாள். இடது கையால்.

“சார், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆறு வருஷமா எல்லா அட்டையும் இந்த அக்கா எழுதுனது, கையெழுத்தும் இவதான். இந்தப் புது அட்டையில இருக்கிறதுதான் நான் பார்த்தது. அதுக்கு நான் பொறுப்பு. வேலையை விட்டு அனுப்புறதுன்னா நாய் போனப்புறம் அனுப்புங்க.”

மேலாளரின் கண் அவள் கையிலேயே இருந்தது. “இருங்க இருங்க. நீங்க இடது கையா?”

“பிறந்ததுலேர்ந்து.”

“அப்ப இத்தனை நாளும் கட்டுப் போட்டது…”

“தப்பான கையில, சார்.”

மேலாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “எட்டுத் தடவை! தினம் வாளி தூக்குற கையைப் பார்த்துக்கிட்டே, எட்டுத் தடவை டப்பாவை நீட்டியிருக்கேன்.” என் பக்கம் திரும்பினார். “நீங்கதானா அந்த முத்து முத்தான எழுத்து? படிக்கிறப்பவே எனக்குப் பயமா இருக்கும்மா.”

நான் தும்மினேன்.

“நாளையிலேர்ந்து அட்டை வீட்டுக்குப் போகாது,” என்றார் இவளிடம். “நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன். சொன்னதை அப்படியே. இப்ப முதல்ல இந்த அட்டையில போடுங்க, படிவம் அப்புறம்.”

முதல் எழுத்து படுத்துக்கொண்டது. இரண்டாவது கோட்டுக்கு மேலே ஏறியது. மூன்றாவதில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாலாவது எழுத்தின் சுழி உள்பக்கமாகப் போக வேண்டும், வெளிப்பக்கமாகப் போய்விட்டது. என் விரல் துடித்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

சலவைக் கடைக்காரர் அட்டையை எடுத்துப் பார்த்து, மை காயட்டும் என்று ஊதினார். பிறகு எழுந்து போய்க் கூண்டைத் திறந்தார். ஜாமீன் வெளியே வந்தான். நாலடி, அஞ்சடி. அங்கே நின்றான். அவர் இழுக்கவில்லை, காத்திருந்தார். வாசலுக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை என்னை வெயிலில் நிற்க வைத்தாள் எதிர்க்கட்சி.

அந்த அட்டையின் நகல் என் தையல் பெட்டியில் இருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியை மேலாளர் எழுதியிருக்கிறார், நான் சரிபார்த்துவிட்டேன்: 2015 அக்டோபர் 29, வியாழக்கிழமை.